பன்னிரண்டாம் கிலோமீட்டர் மண்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆய்வாளர் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் குழாய் நிறுவன மேலாளர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் மறைந்த நம் நண்பரின் துணைவியாரே, நான் தங்கை என்றே அழைத்துப் பழகியவரே, அனைவருக்கும் என் வணக்கம்.

எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புத் துறையின் முதுநிலை ஆய்வாளர், நம் மதிப்பிற்குரிய ‘நடைக்காரர்’ மறைந்துவிட்டார். இருபத்தாறு ஆண்டுகள் அவரும் நானும் எதிரெதிர் மேசை. பதினோரு நாளாக அந்த மேசை காலி. தலையை நிமிர்த்தினால் சுவர்தான் தெரிகிறது. அந்தச் சுவரில் ஒரு விரிசல் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

நடைக்காரர் என்று பெயர் வைத்தவர்கள் குழாய்க் காவலர்கள். ஜீப்பை விட்டு இறங்காத அதிகாரிகளையே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இவரோ குழாய் போகும் வழியெல்லாம் நடந்தார். சாக்கடையோரம் போனால் சாக்கடையோரம் நடந்தார். முள்வேலிக்குள் போனால் வேலிக்குள் நுழைந்தார். சட்டை கிழிந்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டை மறுநாள் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒன்றைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது. ஒரு மழைநாளில் வால்வு அறை ஒன்றைப் பார்வையிடப் போனேன். சேற்றில் இறங்க மனமில்லாமல் சாலையிலிருந்தே எட்டிப் பார்த்தேன். ‘நேரில் பார்த்தேன், குறையில்லை’ என்று கையெழுத்துப் போட்டேன். அறிக்கையைப் புரட்டிய நடைக்காரர் என்னைப் பார்த்தார்.

“அறைக்கதவு எந்தப் பக்கம் திறக்குது?”

“உள்பக்கந்தான்” என்றேன்.

“அங்க கதவே இல்லப்பா. விழுந்து கிடக்குது, இன்னும் மாட்டலைன்னு காவலர் நேத்துதான் போன் பண்ணார். கிளம்பு, போலாம்.”

போனோம். சுற்றிலும் மழையில் செழித்த புல். அறைக்குப் பின்னால் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. மண்ணுக்கடியில் எரிவாயு கசிந்தால் மேலே புல் அப்படித்தான் சாகும். நாற்பதடி தள்ளி ஒரு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தியபடியே ஓடினார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தாரா? இல்லை. மூடி மறைத்தாரா? அதுவும் இல்லை. “நீயே எழுது” என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதினேன், தண்டனை வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வருடம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே இருப்பவருக்குக் கோப்புகளை ஊழியர் மூலம் கொடுத்தனுப்பினேன். அந்த ஒரு வருடத்தை இனி யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

அவர் கடைசியாக எழுதிய குறிப்பு பன்னிரண்டாம் கிலோமீட்டரைப் பற்றியது. குடியிருப்புக்குப் பின்புறம் குழாய் போகும் இடம். இரும்பு அரித்துப் போயிருக்கலாம், தோண்டிப் பார்க்காமல் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது என்று எழுதினார். மருத்துவமனையில் தங்கை என்னிடம் சொன்னாள்: “அண்ணா, என்னைக் கேட்கல, பசங்களைக் கேட்கல. தோண்டிட்டாங்களான்னுதான் கேட்டுட்டே இருக்கார்.”

அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று காதருகே குனிந்து, “தோண்டியாச்சு” என்றேன்.

தோண்டவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தார். “மண்ணு என்ன நிறம்?” என்று கேட்டார்.

என் கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னோடு அவர் பேசவே இல்லை.

அந்தக் குறிப்பு இருக்கும் கோப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. மேலாளர் அவர்களே, அழுத்தத்தைக் கூட்ட அனுமதிக்கும் என் கையெழுத்துக்காக நாளை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மலர்வளையத்துக்கு நன்றி. ஆனால் அலுவலகத்துக்கு வராதீர்கள், நான் அங்கே இருக்க மாட்டேன். தோண்டுகிற ஆட்களோடு பன்னிரண்டாம் கிலோமீட்டருக்கு வாருங்கள். குழாய் வெளியே தெரியும்வரை அங்கேயே நிற்பேன். இது இந்த அவையின் முன் நான் தரும் வாக்கு.

நண்பா, உனக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். மண் என்ன நிறம் என்று நாளை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.