பதிமூன்றாம் குழியின் நீல முளைகள்

பெயர் விஜயராகவன், வயது 44, த/பெ காலஞ்சென்ற கிருஷ்ணசாமி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி. தொழில் தனியார் நில அளவை. 11.03.2025 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பு ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி துர்காவுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருபது வருடமாக அளவை வேலை செய்கிறேன். எல்லை முளையை ஒரு விரல்கடை தள்ளி அடித்தேன் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. இப்போது நாற்பது மீட்டர் தள்ளி அடித்தேன் என்று புகார் வந்திருக்கிறது. புகார் உண்மை. நான்தான் அடித்தேன்.

2013ஆம் வருடம் ஜூலை மாதம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாத குழந்தை. டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் தவறிவிட்டது. துர்கா ஆபரேஷன் ஆன உடம்போடு வார்டில் படுத்திருந்தாள். எங்கள் வழக்கத்தில் பால்குடிக் குழந்தையை எரிப்பதில்லை. சொந்த நிலத்தில் ஓர் ஓரமாகப் புதைப்போம். கல் நடுவதில்லை, பெண்கள் வருவதில்லை. அதன்படி நானும் என் மாமனார் பாவாடையும் குழந்தையை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வடக்கே கடலோரமாக அவருக்கு இருந்த முந்திரித் தோப்புக்குப் போய், கிணற்றிலிருந்து கிழக்கே முப்பத்தொரு தப்படி நடந்து, அங்கே அடக்கம் செய்தோம். குழந்தையை நான் வைத்திருந்தேன். தப்படியையும் நான்தான் எண்ணினேன்.

துர்கா வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். உடம்பு தேறட்டும் என்றேன். உடம்பு தேறியது. மழை விடட்டும் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் கேட்பாள், போகலாம் என்று சொல்வேன், போனதில்லை. உண்மையான காரணம் பயம். அவள் அங்கே உட்கார்ந்துவிட்டால் அவளை எழுப்பிக் கூட்டிவர என்னால் முடியாது என்று பயந்தேன். 2017இல் மாமனார் தோப்பை விற்றார், அடுத்த வருடம் அவரும் காலமானார். வாங்கியவர்கள் சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். அதன் பிறகு துர்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த காலத்தைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சென்ற வருடம் அக்டோபரில் அதே இடத்தில் கோல்ஃப் மைதானம் அமைக்க அளவையாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சம்பளம்கூடப் பேசாமல் சேர்ந்தேன். மைதானத்தின் வடிவமைப்பாளர் நெடுமாறன், கோயம்புத்தூர்க்காரர், அறுபது வயதிருக்கும். கையில் குடையோடு இருபது நாள் அந்த மண்ணில் நடையாய் நடந்தார். நான் பின்னாலேயே கருவியோடு போனேன். மொத்தம் பதினெட்டுக் குழி. பந்தை வைத்து அடிக்கும் மேடை ஒரு கோடியில், குழி இருக்கும் புல்தரை மறுகோடியில். ஒரு குழியை முடித்தவர் அடுத்த மேடைக்கு நாலு எட்டில் போய்விட வேண்டும், ஒன்பதாவது முடியும்போது புறப்பட்ட கட்டடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும், காலையில் ஆடுகிறவருக்கு முதல் குழியில் சூரியன் கண்ணில் அடிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். முதலாளியின் வாஸ்துக்காரர் முதல் குழியை நேர்கிழக்கே கொண்டுபோய் ஈசானிய மூலையில் முடிக்கச் சொன்னபோது, அப்படியானால் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வரிசையை மாற்றாமல் விட்டவர் அவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கிணற்றை மண் போட்டு மூடியிருந்தாலும் அதன் வட்டம் தெரிந்தது. முந்திரி மரங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. கிணற்றிலிருந்து அளந்து பார்த்தேன். என் தப்படி இன்றைக்கு எழுபத்தைந்து சென்டிமீட்டர். ஆனால் கையில் குழந்தையோடு நடந்தவன் எவ்வளவு எட்டிப் போட்டிருப்பான் என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே எட்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம், அதற்குள்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நெடுமாறனின் வரைபடத்தில் அந்த வட்டம், பதிமூன்றாம் குழிக்கு முன்னால் பந்து சிக்குவதற்காக வெட்டும் மணல் பள்ளத்துக்குள் வந்தது.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழந்தை என்ற சொல்லை வெளியாளிடம் சொல்லிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது, வாயில் வரவில்லை. விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தால் முதல் வேலையாக அந்த இடத்தைத்தான் கிளறுவார்கள் என்றும் நினைத்தேன். அதனால், ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் தேங்கும், மணல் நிற்காது என்று ஒரு பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“தண்ணி தானா வந்து நிக்கிற எடத்த விட்டுப்போட்டு வேற எங்கீங்க குளம் வெட்டறது?” என்றார்.

மூன்றடி மணல் பள்ளம் இருந்த இடத்தில் பன்னிரண்டடிக் குளம் வந்தது. என் வாயால் நானே வரவழைத்தது. குளத்தின் கரைக்கு இருபத்தாறு முளைகள், நீலச் சாயம் பூசி, நானே அடித்துக் கொடுத்தேன். மாற்றுவதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

28.02.2025 வெள்ளிக்கிழமை பொக்லைன் ஓட்டும் அன்வருதீன் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார், மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பகல் ஒரு மணி முதல் இரண்டு மணிக்குள் நான் இருபத்தாறு முளைகளையும் பிடுங்கி, நாற்பது மீட்டர் மேற்கே, வடிவம் மாறாமல் அடித்தேன். அதனால் குளம் பதிமூன்றாம் குழிக்கும் பதினான்காம் மேடைக்கும் நடுவில் போய் உட்காரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். 03.03.2025 முதல் 06.03.2025 வரை நான்கு நாட்கள் பாய் நோன்போடு அந்த வெயிலில், எச்சில்கூட விழுங்காமல் தோண்டினார். முளை இருந்த இடத்தில்தான் தோண்டினார், அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

08.03.2025 சனிக்கிழமை நெடுமாறன் வந்து பார்த்துவிட்டு, பதிமூன்றை முடித்தவன் பதினான்குக்கு நீந்தித்தான் போக வேண்டும் என்றார். அதன் பிறகு தள மேலாளர் அய்மான் என் கருவியில் இருந்த கணக்கையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து என்னைக் கேட்டார். நான் ஒப்புக்கொண்டேன். காரணத்தை இருவர் முன்பும் சொன்னேன். நெடுமாறன் குடையை மடக்கிக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா கோட்ட அந்தப் பக்கமே கொண்டு போயிருக்க மாட்டனுங்க” என்றார்.

தோண்டிய குளத்தை அப்படியே விட்டுவிட்டு, பதிமூன்றையும் பதினான்கையும் முன்பின்னாக மாற்றி ஆடவைக்கலாம், அந்த வட்டம் தப்பிக்கும் என்று அங்கேயே பென்சிலால் போட்டுக் காட்டினார். முடிவு செய்யும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும், மேலிடம் பழைய இடத்திலேயே திங்கட்கிழமை தோண்டச் சொல்லிவிட்டது என்றும் அய்மான் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. 09.03.2025 காலையில் துர்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு, மூடி போட்ட ஒரு டம்ளரில் பால் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளை வண்டியில் உட்காரவைத்து அங்கே போனேன். காவலாளி என்னைத் தெரிந்தவர் என்பதால் தடுக்கவில்லை, அவரை இதில் சேர்க்க வேண்டாம். வெள்ளைப் பொடியால் வட்டம் போட்டு, இதற்குள் எங்கேயோ, எனக்குத் துல்லியமாகத் தெரியாது என்று சொன்னேன். அவள் வட்டத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள்.

“இவ்ளோ எடத்துக்கு இந்தப் பால் எப்பிடிங்க பத்தும்?” என்றாள்.

துர்கா செருப்பைக் கழற்றிவிட்டு மண்டி போட்டு, வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளங்கையை மண்ணில் வைத்து வைத்து எடுத்து, ஓர் இடம் விடாமல் நகர்ந்தாள். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. அழவில்லை. பதினொரு வருடமாக நான் கூட்டிவராமல் இருந்ததற்கு அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

10.03.2025 திங்கட்கிழமை கம்பெனி புகார் கொடுத்தது. விசாரணை முடியும்வரை அங்கே மண்ணைத் தொடக் கூடாது என்று தாங்கள் உத்தரவு போட்டிருப்பதாக அறிகிறேன். ஆகையால் இந்த விசாரணையை நிதானமாகவே நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். கம்பெனிக்கு ஆன நஷ்டத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. துர்கா உள்ளே வந்தது அத்துமீறல் என்றால் அதையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளவும்.

ஒன்றை மட்டும் திருத்திச் சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் வடகிழக்காக ஓர் இடத்தில் துர்காவின் கை நின்றது. இங்கதாங்க என்றாள். பால் முழுவதையும் அங்கேயே ஊற்றினாள். அவள் எழுந்த பிறகு கருவியை நிறுத்தி அந்தப் புள்ளியை எடுத்தேன். நான் குறித்திருந்த மையத்துக்கும் அதற்கும் இரண்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் வித்தியாசம். என் அளவு பிசகு. அவள் காட்டிய இடமே சரி. வரைபடத்தில் அதையே குறிக்க வேண்டும்.

இதில் கண்டவை யாவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி இருக்கிறது.

(ஒப்பம்) கி. விஜயராகவன்