அட்டையில் உள்ள படம்

மட்டக்களப்பு பஸ்ஸில் என் முன்சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க இரண்டு தோழிகள். யன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"அந்தப் பெட்டைக்கு சோதிக்க வாற ஆமிக்காரனுக்குப் பயமில்ல கா. ஐ.டி. படத்தைக் கூட நிக்கிற பொடியன் பாத்திருவானெண்டுதான் பயம்."

"எந்தப் பெட்டை?"

"டிவியில போற பகிடி நாடகம். வெளிநாடு, ஆனா அங்கயும் நம்மட போல ஆமி, குண்டு, சண்டைதான். நாலு பள்ளிக்கூடப் பெட்டையள். கட்டாயம் பாரு."

"நம்மளப் போலயா?"

"அப்பிடியேதான். பள்ளிக்கூடம் போகேக்க ஆமி சோதிச்சா, நீயும் ஐ.டி. படத்தை மறைச்சு மறைச்சுத்தானே நீட்டுவாய்."

"இப்பவும்தான். இப்ப இருக்கிற ஐ.டி.யில சுனாமிக்குப் பிறகு முகாமில எடுத்த படம். அழுது வீங்கின முகம்."

சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். முகாம் படத்துக்காரி அட்டையை நீட்டினாள். பெருவிரல் படத்தின்மேல் இருந்தது.

"விரல எடு கா," என்றாள் தோழி, மெல்ல. "வடிவாத்தான் இருக்கிறாய்."