பத்து நிமிடத்தில் உறங்கும் கணினி

மேசைக் கணினிகளில் ‘ஸ்லீப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் திரை அணைந்து கணினி உறங்கப் போய்விடும். ஒரு விசையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்தே எழும்பும். மின்சாரம் மிச்சம் என்பார்கள். நினைத்த நேரத்தில் கரண்ட் போகிற திருகோணமலையில் அது யாருக்கும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பழுதுபார்க்க வருகிற எல்லாக் கணினியிலும் அதை நிறுத்திவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். ஒரேயொரு கணினியில் மட்டும் நிறுத்தவில்லை.

கமலேஸ்வரியைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கேட்டீர்கள். அவருடைய அம்மாதான் என் பெயரைத் தந்தார் என்றும் சொன்னீர்கள். ‘பாக்கியரத்தினம் எண்டு ஒருத்தர், மகளுக்கு நல்ல உதவி, அவரைக் கேளுங்கோ’ என்றாராம். கொழும்பிலிருந்து இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்திருக்கும் ஒரு சட்டத்தரணிக்கு அரைகுறையாகப் பதில் சொல்வது சரியில்லை. பழுது எங்கே தொடங்கியதோ அங்கிருந்துதான் நான் சொல்வேன். என் தொழிலில் வேறு வழி தெரியாது.

போன வருடம், இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம். உப்புவெளியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன நிவாரண அலுவலகம் நடந்தது. ஒரு அறையில் அரிசி, பாய், வாளி. மற்ற அறையில் ஒரு கணினி, மூன்று கதிரைகள். காணாமல் போனவர்களின் வீட்டார் வந்து நடந்ததைச் சொல்வார்கள். கமலேஸ்வரி தட்டச்சு செய்வார். அவர் சாம்பல்தீவிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். முப்பது வயது இருக்கும். கூட வேலை செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீலா.

அவர்களுடைய ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரியதொன்று வாங்கினார்கள், கணினி அதை அடையாளம் காணவில்லை. அதற்குத் தாய்ப்பலகையில் இருக்கும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். பயோஸ் என்போம். பாதியில் கரண்ட் போனால் பலகையே செத்துவிடும் என்பதால் ஊரில் யாரும் அதில் கை வைப்பதில்லை. நான் வைப்பேன். கடையிலிருந்து பற்றரிப் பெட்டியைச் சுமந்து போய் இணைத்து, நான்கு நிமிடத்தில் முடித்தேன்.

கமலேஸ்வரி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணை, நீங்கள் இல்லாட்டி இந்த ஊரில எங்களுக்கு ஆர் இருக்கினம்?” என்றார்.

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நடந்தவற்றில் அதற்கும் பங்குண்டு.

அடுத்த கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். கணினி உறங்கினால் எழும்புவதில்லை. உள்ளே விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. பொத்தானை அழுத்தி அணைத்துத்தான் திரும்பப் போட வேண்டும். அப்போது சேமிக்காமல் தட்டியதெல்லாம் போய்விடும்.

போய்ப் பார்த்த கால் மணித்தியாலத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பயோஸைப் புதுப்பித்தபோது பழைய தெரிவுகள் அழிந்து, உறக்கத்தின் வகை மாறியிருந்தது. ஆழமான உறக்கத்திலிருந்து எழும்ப அந்தப் பழைய திரை அட்டைக்குத் தெரியாது. ஒரேயொரு வரியை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றினால், நான் செய்த வேலையைச் சோதித்துப் பார்க்காமல் போனேன் என்று ஆகிவிடும். ஆகவே, “கரண்ட் ஏறி இறங்குறதாலதான் தங்கச்சி” என்று சொல்லி ஒரு கேபிளை மாற்றிவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது சத்தமில்லாமல் சரிசெய்துவிட நினைத்திருந்தேன். அதுவரை இது ஒரு சின்னப் பொய்தான்.

அந்த இடைவெளியில் ஒருவர் பிரிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இஸ்திரி போட்ட சேட், நல்ல தமிழ். பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது, வேறொன்றுமில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் போகாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

“அந்த உப்புவெளி ஒஃபிஸ் கொம்பியூட்டர் நீங்கள்தானே பாக்கிறது?”

“ஓம்.”

“அதுக்குள்ள கனக்கக் கதை சேருதாம். வாகன நம்பர், ஆக்களின்ர பேர். சேராட்டி எல்லாருக்கும் நல்லம். அந்தப் பிள்ளைக்கும் நல்லம்.”

அவ்வளவுதான். மிரட்டவில்லை. போகும்போது நன்றி சொன்னார். அவர் யாருடைய ஆள் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் அப்படிக் கேட்டவர்களைப் பற்றித்தான் கமலேஸ்வரி எழுதிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. போனவர்கள் எழுதுவதால் திரும்பி வரப்போவதில்லை. எழுதுகிறவராவது மிஞ்ச வேண்டும். அடுத்த முறை உப்புவெளிக்குப் போனபோது பழுதைச் சரிசெய்யவில்லை. இருபது நிமிடத்தில் உறங்கும் கணினியைப் பத்து நிமிடத்தில் உறங்க வைத்தேன். வேறு யாரும் மாற்ற முடியாதபடி கடவுச்சொல்லும் போட்டேன்.

பத்து நிமிடம் ஏன் என்றால், கமலேஸ்வரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சனம் சொல்லத் தொடங்கினால் தட்டச்சு செய்துகொண்டே கேட்பார். அழத் தொடங்கினால் கையை எடுத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுகிறவர்களுக்குப் பத்து நிமிடம் போதாது.

கட்டைபறிச்சானிலிருந்து இடம்பெயர்ந்து வந்து உப்புவெளியில் தங்கச்சி வீட்டில் இருந்தவர் கனகம்மா. அவர் முதலில் சொன்னபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். புருஷன் சின்னராசா மீன்பிடி பாஸ் புதுப்பிக்கத் துறைமுகப் பக்கம் போனவர். மண்ணிறக் கோடு போட்ட சேட். மேலிருந்து மூன்றாவது பொத்தான், தெறி என்போம், அது இல்லை. இரவைக்குத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாராம். சந்தியில் கீரை விற்கிறவர் ஒருவர் வாகனத்தைக் கண்டிருக்கிறார், இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் ஞாபகம் இருந்திருக்கிறது. தெறியைப் பற்றிச் சொன்ன இடத்தில் கனகம்மா அழத் தொடங்கினார். கமலேஸ்வரி எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது திரை கறுப்பு.

அடுத்த கிழமை கனகம்மா மறுபடி வந்து சொன்னார். சேட்டின் நிறம் வந்தது, தெறி வரவில்லை. வாகனம் வந்தது, இலக்கம் எட்டோ மூன்றோ என்று தடுமாறினார். அதுவும் போனது. மூன்றாம் முறை அவர் அழவேயில்லை.

“அவர் போனவர். வரேல்லை. அவ்வளவுதான் பிள்ளை.”

“அம்மா, வாகனத்தைப் பற்றிச் சொன்னனீங்களெல்லே...”

“சொன்னனான். நீங்களும் எழுதினனீங்கள். எங்க அது?”

இறுக்கத் தேவையில்லாத ஒரு திருகாணியை நான் இறுக்கிக்கொண்டிருந்தேன். கனகம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கீரை விற்கிறவர் அதற்குள் ஊரை விட்டே போயிருந்தார்.

அன்றைக்குப் பிறகு கமலேஸ்வரி ஒரு வித்தை பழகிவிட்டார். எதிரே இருப்பவர் அழும்போது வலது கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொள்வார். இடது கை விசைப்பலகையில் இருக்கும். ஒரு விரல் மட்டும் இடைக்கிடை ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்கும், கணினி உறங்காமல் இருக்க. ஒவ்வொரு வரிக்கும் சேமிக்கவும் பழகினார். குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டு சமைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் இருந்தது. வைகாசி முடிவதற்குள் நாற்பத்தொரு பேருடைய கதை சேர்ந்துவிட்டது.

ஜெமீலா மட்டும் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க வந்து பார்த்துட்டுப் போனாத்தான் இது இன்னும் கூடத் தூங்குது.” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிரிண்டர்காரர் இரண்டாம் முறை வெறுங்கையோடு வந்தார். “இன்னும் சேருதாமே” என்றார். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம் இருந்தது.

மறுநாள் உப்புவெளிக்குப் போனேன். அடிக்கடி அணைத்து அணைத்துப் போட்டதில் டிஸ்க் பழுதாகிறது, கடைக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. அப்படி அணைத்தால் டிஸ்க் பழுதாகத்தான் செய்யும். கமலேஸ்வரி அதைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கினார். பழைய துவாய் ஒன்றில் சுற்றி, கைக்குழந்தையைத் தருவது போல இரண்டு கையாலும் தந்தார்.

சும்மா அழித்தால் யாராவது மீட்டுவிடலாம். ஆகவே டிஸ்க் முழுவதிலும் பூச்சியம் எழுதினேன். காலையில் தொடங்கியது, பின்னேரம் ஐந்து மணிக்கு முடிந்தது. நடுவில் கரண்ட் போகவில்லை. திரையில் முடிந்த வீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சோறு சாப்பிட்டேன். சின்னராசாவின் பெயர் எத்தனையாவது வீதத்தில் போயிருக்கும் என்று ஒருமுறை நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

டிஸ்கில் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் திருப்பிக் கொண்டுபோய், ஒன்றையும் காப்பாற்ற ஏலாமல் போயிற்று என்று சொன்னேன். கமலேஸ்வரி கத்தவில்லை. கதிரையில் இருந்தார்.

“நாப்பத்தொரு பேர், அண்ணை.”

நானும் தலையைக் குனிந்து நின்றேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்தாரோ தெரியாது, எழும்பி வந்து என்னைத் தேற்றினார். ஓம், என்னை.

“நீங்கள் மனசை விடாதேங்கோ. நான் கொப்பியிலயும் எழுதி வைச்சிருக்கிறன். இந்த மெஷினை நம்பேலாது எண்டு கனகம்மா வந்த அண்டைக்கே விளங்கிட்டுது.”

தோள் பையைத் திறந்து காட்டினார். நூற்றிருபது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி. எழுத்து பொடியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. கனகம்மா முதல் முறை சொன்ன எல்லாமே ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டிருந்தது, தெறி உட்பட.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். ஆனி நான்காம் திகதி. உங்களுடைய கேள்விக்கு அதுதான் பதில். இத்தோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை பிரிண்டர்காரர் மூன்றாம் முறையாக வந்தார்.

“முடிஞ்சுதுதானே? இனி ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், ஏற்கனவே எழும்பிவிட்டார், பிரிண்டருக்கு மை எங்கே வாங்கலாம் என்று கூடக் கேட்டார். ஆனால் அரைவாசி முடிந்த வேலையை முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு ஏதாவது வெளியே வந்தால், பாக்கியரத்தினம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றல்லவா ஆகும்.

“கொம்பியூட்டர்ல ஒண்டும் இல்லை. ஒரு கொப்பி இருக்கு” என்றேன்.

அவர் திரும்ப உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியளவில், சாம்பல்தீவிலிருந்து வரும் வீதியில் கமலேஸ்வரியின் சைக்கிள் கிடைத்தது. விழுந்து கிடக்கவில்லை. ஸ்டாண்ட் போட்டு, ஓரமாக ஒழுங்காக நிறுத்தியிருந்தது. யாரோ கூப்பிட, மரியாதையாக இறங்கி நின்று பதில் சொல்லியிருக்கிறார். பை இல்லை. அவர் இல்லை. அவருடைய அம்மா பொலிஸ் நிலையத்துக்கும் முகாமுக்கும் அலைந்தபோது இரண்டு நாள் நானும் கூடப் போனேன். குடை பிடித்தேன். அந்த உதவியைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருப்பார்.

இரண்டு கிழமை கழித்து ஜெமீலா கூப்பிட்டார். அரிசிக் கணக்கு அனுப்ப வேண்டும், கணினி திரும்பவும் படுத்துவிட்டது என்றார். போய் அந்த ஒரு வரியை மாற்றினேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. உறங்க விட்டு, விசையைத் தட்டினேன். திரை உடனே ஒளிர்ந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் ஜெமீலா.

“இவ்வளவுதான்.”

அவர் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் வெளியே போகும் வரை அப்படியே நின்றார். அந்த மாதக் கடைசியில் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே யாரும் எதையும் சொல்லப் போவதில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தயவுசெய்து எழுதுங்கள், ஏனென்றால் இந்தப் பகுதி சரியாகப் பதியப்பட வேண்டும். கமலேஸ்வரியின் பெயரை நான் அந்த மனிதரிடம் ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. கொப்பி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். தோள் பைக்குள், பை எப்போதும் தோளில், தோள் காலை எட்டு மணிக்குச் சாம்பல்தீவு வீதியில் என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் அது. அந்தக் கொப்பியை ஒஃபிஸ் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கோ தங்கச்சி என்று நான் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேன். கமலேஸ்வரி என் சொல்லைக் கேட்டிருந்தால், அவர்கள் லாச்சியைத்தானே உடைத்திருப்பார்கள்.