முந்திச் சிரித்தவள்

ஒபேரா பார்க்கப் போகிறவர்கள் வாயில் ஒரு தோடம்பழ இனிப்பைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. உள்ளே ஒருவர் இருமினால் சுற்றியிருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு வாசலிலேயே ஆளுக்கொன்று கொடுத்துத்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

எங்கள் ஆட்கள் என்றால் மோர்னிங்சைட் மாலைச் சங்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள், பெரும்பாலும் சோடி சோடியாக, மாதம் ஒருமுறை எங்கேயாவது போய்வருவோம். அப்பிள் பிடுங்கப் போனோம், நயாகரா போனோம். ஒபேரா என்ற யோசனை கமலாம்பிகை ரீச்சருடையது. ஊரில் படிப்பித்தவர், கணவர் இல்லை, வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவரில் கோபமில்லை. எனக்கு யாரிலும் கோபமில்லை. பிரவீனன் தம்பி, நீங்கள் பொலிஸ்காரராக இருந்தும் என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறீர்கள், தேத்தண்ணீர் வாங்கித் தந்தீர்கள். அதனால் கேட்கிறேன், கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தவமலர் என் மனைவி. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவளை ஆங்கிலம் என்ற கரைச்சலுக்குள் நான் விடவில்லை. நான் இருக்கிறேன்தானே. வங்கி, மருந்துக்கடை, பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளிடம் போகும். மனதைக் குழப்புகிற விஷயங்களை வடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். மகளின் பள்ளிக்கூட ஆசிரியை ஒருநாள், அம்மாவோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். தவமலருக்கு, பிள்ளை கணக்கில் கெட்டிக்காரியாம் என்றேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா.

போன மாரியில் அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. நான் பிடித்த பிடி கொஞ்சம் இறுகிவிட்டது, அவ்வளவுதான். டொக்டர் என்னை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்து, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில், “பனியிலை வழுக்கி விழுந்தனீயோ எண்டு கேக்கிறார்” என்றேன். அவள் தலையாட்டினாள். டொக்டரும் விட்டுவிட்டார்.

ஒபேரா இத்தாலிய மொழியில் நடந்தது. பாடுவதன் ஆங்கில அர்த்தம் மேடைக்கு மேலே எழுத்தில் ஓடும். நான் வாசித்துவிட்டு அவளுடைய காதுக்குள் தமிழில் சொன்னேன். கதை ஒரு பணக்காரக் கிழவனும் அவனுடைய இளம் மனைவியும். அவள் வீட்டை விட்டு ஓட வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் சொல்லவில்லை. “புருசனை மதிக்காமல் நடந்து குடும்பம் அழிஞ்சுபோச்சு, அதுதான் பாடி அழுகிறாள்” என்றேன். தவமலர் மேடையைப் பார்த்தபடி, “ஓமோ” என்றாள்.

பிறகு கிழவன் கதவைப் பூட்டினான். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று பாடினான். வேலைக்காரி அசையாமல் நின்று, யன்னலைப் பூட்ட மறந்துவிட்டாரே என்று தனக்குள் பாடினாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. தவமலரும் சிரித்தாள். நான் இன்னும் அவள் பக்கம் குனியவேயில்லை.

ஊரோடு சேர்ந்து சிரித்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த பகிடிக்கும் சிரித்தாள், இந்தமுறை மற்றவர்களுக்குக் கொஞ்சம் முந்தி. அவளுடைய கண் மேடையில் இல்லை, மேலே எழுத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. டொக்டரின் அறை நினைவுக்கு வந்தபோது பயமும் வந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

இடைவேளையில் அவளை ஒரு தூணோரம் கூட்டிப்போனேன்.

“எப்ப இங்கிலீஷ் படிச்சனி?”

“பஜனை எண்டு செவ்வாய்க்கிழமையிலை நீங்கள்தானே கோயிலடியிலை இறக்கி விட்டனீங்கள். நான் அங்கையிருந்து ரீச்சரோடை லைபிரரி வகுப்புக்குப் போறனான்.”

“அண்டைக்கு டொக்டர் கேட்டதும் விளங்கினதோ?”

“விளங்கினது. நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். அதுதான் தலையாட்டினனான்.”

அவள் அதோடு நிறுத்தவில்லை. “இஞ்சாருங்கோ, நான் இனி வீட்டை வரேல்லை. ரீச்சர் வீட்டை போறன். டொக்டரிட்டையும் போய் உண்மையைச் சொல்லப்போறன்.”

நான் சத்தம் போடவில்லை. சரி என்றேன். “உன்ரை பை காருக்குள்ளை கிடக்கு. எடுத்துத் தாறன், வா.” கழுவறை வரிசையில் நின்ற ரீச்சரைத் தேடி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் நாற்பது வருடப் பழக்கம், வா என்றதும் வந்தாள்.

கார் நிறுத்துமிடத்துப் படியில் எனக்கு முன்னால் இறங்கினாள். கொண்டையைப் பிடித்து இழுத்தேன். விழுந்ததும் சீமெந்துப் படியின் விளிம்பில் அவளுடைய தலையை மோதினேன். ஒருமுறை போதுமென்று நினைத்தேன், போதவில்லை. கையால் முகத்தை மறைத்தாள், முறிந்து பொருந்திய அந்தக் கைதான். அதைப் பிடித்து ஒரு பக்கம் விலக்கிவிட்டுத் தொடர்ந்தேன். பல்லொன்று கீழ்ப்படிக்கு உருண்டது. அசைவு நின்றபிறகு சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டேன். நாலு பேர் வந்துபோகிற இடம் பாருங்கள்.

கையைக் கழுவி, கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு என் இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். “தவம் எங்கை அண்ணை?” என்று ரீச்சர் கேட்டார். “தலையிடியாம், காருக்குள்ளை படுத்திருக்கிறா” என்றேன். ரீச்சருக்கு அது பிடிபடவில்லை, எழுந்து வெளியே போனார். உங்கள் ஆட்களைக் கூட்டிவந்தவர் அவர்தான். அதுவரைக்கும் நான் இரண்டாம் பாதி பார்த்தேன். நல்ல குரல் அந்தப் பெண்ணுக்கு. பழக்கதோஷத்தில் பக்கத்து வெற்று இருக்கைக்கு இரண்டு வரி மொழிபெயர்த்தும் சொன்னேன்.

“டேக் யுவர் டைம், அங்கிள்” என்கிறீர்கள். இனிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. தவமலரைக் கொன்றது நான்தான், எங்கே சொன்னாலும் கையெழுத்து வைக்கிறேன். ஒன்றுதான் மனதைப் போட்டு அறுக்கிறது. முதல் அடி விழுந்தபோது அவள் “ஹெல்ப் மீ, ஹெல்ப் மீ” என்று கத்தினாள். நல்ல திருத்தமான உச்சரிப்பு. இவ்வளவு காலமும் அவளுக்கு எது வேண்டுமென்றாலும் நான்தானே செய்து கொடுத்தேன். நான் பக்கத்திலேயே நிற்க, அவள் யாரைக் கூப்பிட்டாள் தம்பி?