உப்பிட்ட பறவைக் கறி

பூனை சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் அதற்கு ஏதோ நோய் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு வீட்டில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பக்கத்துப் பண்ணை ஆல்ப்பின் கிழட்டுப் பூனை பெக்கி. மனைவி போன பிறகு அவருக்கு அதுதான் துணை. தன் கையால் வைத்தால்தான் சாப்பிடும் என்று கடையிலும் படகுத்துறையிலும் பெருமையடித்துக்கொள்வார். என் பிள்ளைகள் தீவை விட்டு ஹோபார்ட் நகரத்துக்குப் போய் ஆண்டுகளாகின்றன. அந்தப் பெருமையைக் கேட்டால் எனக்கு எரியும். சொல்லவே கூசுகிறது.

மட்டன்பேர்டு பருவம் வந்தது. அந்தக் கடற்பறவைக் குஞ்சுகளை வளையிலிருந்து பிடித்து, உப்பிட்டு வாளியில் அடைத்துவைப்பது எங்கள் தீவு வழக்கம். வேலி தாண்டி வந்த பெக்கிக்கு ஒரு துண்டு போட்டேன். மறுநாளும் வந்தது. உப்புப் போகக் கழுவாமலே தினமும் போட்டேன். அந்தச் சுவைக்குத்தான் அது மயங்கியது. அதன்பின் ஆல்ப் வைத்த எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது.

ஒரு காலையில் அவர் அட்டைப்பெட்டியோடு என் வாசலில் நின்றார்.

"எதையும் தொடமாட்டேங்குது, நோரீன். தண்ணிய மட்டும் குடிச்சிக்கிட்டே கெடக்கு. பழைய பூனைக்கும் கிட்னி போனப்ப இப்படித்தான். அதை இழுத்துக்கிட்டுக் கெடக்க விட்டுட்டேன். இதை விடமாட்டேன்."

தாகம் எதனால் என்று எனக்குத் தெரியும். கால்நடை மருத்துவர் விமானத்தில்தான் வர வேண்டும். அந்த வாரம் முழுக்கப் புயல்காற்று. வதைபடும் பிராணியை நாங்களே முடித்துவிடுவோம். அதுதான் இங்கே இரக்கம். ஆல்ப்புக்குக் கை நடுக்கம்.

"வாலபி, கங்காருன்னு சுடுற கை உன்னோடது. நீயே செஞ்சிடும்மா."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தனிக்கட்டைக் கிழவரின் பூனையை மயக்கிப் பிடித்தவள் என்று தீவே சிரிக்கும். பாவம், இனி இழுத்தடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் பார்க்கச் சகிக்காமல் வண்டியிலேயே இருந்தார். கொட்டகைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்ததும் பெக்கி நேராக என் சமையலறை வாசலுக்கு ஓடி உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை. வாளியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் காட்டினேன். வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. மென்றுகொண்டிருக்கும்போதே சுட்டேன். ஒரே குண்டுதான். நானே புதைத்தேன்.

திரும்பி வந்தபோது ஆல்ப் வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"கடைசியா ஒரு வாயாச்சும் சாப்பிட்டுச்சா?"

"தொடவே இல்ல."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.