பீரோவுக்குள் ஒரு பேருரை

— ...ஆகவே பெற்றோர்களே, மனிதகுலம் இதுவரை அறியாத ஒரு மாபெரும் உண்மையை இந்த மேடையில் அறிவிக்கிறேன்: விளையாட்டு என்பது விளையாட்டல்ல!

— ஏங்க, பீரோவுக்குள்ள உக்காந்து யாருக்கு அறிவிக்கிறீங்க?

— உஸ்ஸ்! கதவைத் திறக்காதே. நானும் பாப்பாவும் கண்ணாமூச்சி ஆடுறோம். நூறு வரைக்கும் எண்ணிட்டு வந்து தேடுவா.

— அவளுக்கு இருபதைத் தாண்டுறதே தகராறு.

— அதுக்குத்தான் நூறு வெச்சேன். பழத்துக்குள்ள மாத்திரையை வெச்சுக் கொடுக்கிற மாதிரி, ஆட்டத்துக்குள்ள கணக்கை வெச்சுட்டேன் பாத்தியா? நாளைக்கு ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம். நான்தான் பேசறேன். தலைப்பு, 'குழந்தையோடு குழந்தையாக'.

— இஸ்திரி போட்ட துணியை மிதிக்காம குழந்தையா இருங்க.

— கேளு. அவ என்னைக் கண்டுபிடிச்சதும் ஒரு சிரிப்பு சிரிப்பா இல்ல, அதை அப்படியே போன்ல பிடிச்சிடு. அதைப் போட்டுக் காட்டித்தான் ஆரம்பிக்கணும். அது இல்லேன்னா என் பேச்சு வெறும் காத்து.

— காலையில மூடியெல்லாம் பரப்பிக் கடை வெச்சிருந்தாளே, அப்ப சிரிச்சாளா?

— வாடிக்கையாளரா போனேன். குழந்தையோட உலகத்துக்குள்ள நாம நுழையணும்.

— நுழைஞ்சு என்ன வாங்கினீங்க? இதுல பெருசு எது, சிறுசு எது, என்ன வடிவம்னு பரீட்சை வெச்சீங்க. கடைக்காரி கடையைச் சாத்திட்டுப் போயிட்டா.

— கேள்வி கேட்டாத்தானே மூளை வளரும்!

— போன வாரம் பொம்மைக்குக் காய்ச்சல்னு படுக்க வெச்சு நெத்தியில ஈரத்துணி போட்டா. நீங்க போய், உடம்புல எத்தனை எலும்புன்னு ஆரம்பிச்சீங்க. அன்னைக்கே பொம்மை செத்துப்போச்சு.

— நக்கல் பண்ணு, பண்ணு. ஆனா இன்னைக்கு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது அவதான், தெரியுமா? "அப்பா, நீங்க ஒளிஞ்சுக்கோங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. இதுவரைக்கும் அவளா என்னை ஒரு ஆட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

— சரி, சரி. உள்ள பாச்சை உருண்டை வேற இருக்கு, கண்ணைக் கசக்காதீங்க.

— கேட்டியா, ஏதோ மூடி உருளுது! என்னைத் தேடிப் பாத்திரத்துக்குள்ளகூடப் பாக்குறா!

— உங்க தொப்பை எந்தப் பாத்திரத்துல அடங்கும்னு அவளுக்குத் தெரியாதா?

— கால் மரத்துப்போச்சு. எங்க இருக்கான்னு கொஞ்சம் கேளேன்.

— பாப்பா! எண்ணி முடிச்சாச்சா? அப்பாவைத் தேடலையா?

— கத்தாதம்மா! பொம்மைக்கு உயிர் வந்துடுச்சு. இப்பத்தான் கடைக்கு வந்து மூடி வாங்குது.

— அப்ப, அப்பா?

— அப்பா ஒளிஞ்சே இருக்கட்டும். அப்பத்தான் கேள்வி கேக்க மாட்டாரு.

— ஏங்க, உள்ள கேட்டுச்சா?

— கேட்டுச்சு... இந்தத் தந்திரத்தை அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது? நீயா?

— யாரும் இல்ல. அவளே விளையாடிக் கத்துக்கிட்டா.