ரைனில் விட்ட மாதா பதக்கம்

– இஞ்சருங்கோ, எத்தினை தரம் எழும்பி எழும்பி இருக்கிறியள்? இன்னும் நாலு தரிப்புக் கிடக்கு. ட்றாமில இருக்கிற சனம் முழுக்க எங்களைத்தான் பாக்குது.

– இருக்க ஏலாமக் கிடக்கு, மக்டலீன். அந்த ஜேர்மன் மனிசி கேக் சுட்டு வைச்சுக்கொண்டு யன்னலால பாத்துக்கொண்டு நிக்கும்.

– நிண்டால் நிக்கட்டும். அந்தப் பூவைப் பிய்க்காமப் பிடியுங்கோ. போய்ச் சேரேக்க அந்த மனிசி பிறவ் வேபருக்குத் தண்டுதான் மிஞ்சும்.

– நான் சொல்லத்தான் போறன்.

– சொல்லக்கூடாது. கேக்கைச் சாப்பிட்டிட்டு, கோப்பியைக் குடிச்சிட்டு, நன்றி சொல்லிட்டு வாறம். வீட்டில சத்தியம் பண்ணினனீங்கள்.

– சத்தியம் பண்ணேல்லை. சரி எண்டுதான் சொன்னனான்.

– எனக்கு அது காணும்.

– நீ ஒருக்கா யோசிச்சுப் பார். அந்த மனிசீன்ட தம்பி பத்தொன்பது வயசில, ஹிட்லர்ன்ட சண்டைக்காலத்தில, அந்தக் கொண்டோர் பிளேனில ஏறினவன். ரேடியோ வேலை. விடிய வெளிக்கிட்டா பொழுதுபடுமட்டும் கடலுக்கு மேலால பறந்து இங்கிலீஸ்காரன்ட கப்பல் தேடுறது. நோர்வேக்குப் பக்கத்தில விழுந்து ஐம்பத்தேழு வருஷம் தண்ணிக்குள்ள கிடந்து இப்பதான் எங்கட பட்டறைக்கு வந்திருக்கு.

– தேடினது மட்டுமோ? குண்டும் போட்டது. அதையும் சேத்துச் சொல்லுங்கோ. ஊரில எங்கட வள்ளங்களுக்கு மேலால வந்து சுட்ட ஹெலிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

– எனக்கு விளங்காதோ? முதல் கிழமை அதைத் தொடவே கை கூசினது. இப்ப அதின்ட ஒவ்வொரு தகட்டிலயும் உப்பும் சேறும் கழுவிறது நான்தான். கடல் பழகின கை எண்டு றெஜினோல்ட்டைத்தான் கூப்பிடு எண்டுறான் எங்கட முதலாளி ஷெஃப்.

– அந்த ஷெஃப் தாற வேலைக் கடிதத்தோடதான் செவ்வாய்க்கிழமை விசா நீட்டப் போறம். விசாக் கந்தோரில நாள் குறிச்சு டெர்மின் எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிளேனுக்குள்ள எடுத்ததைக் கொண்டுபோய் ஆத்துக்குள்ள எறிஞ்ச ஆள் எண்டு தெரிஞ்சா அவன் கடிதம் தருவானோ?

– நான் களவெடுக்கேல்லை.

– இவையளுக்கு அது களவை விடப் பெரிசு. கழண்ட ஆணிக்கும் நம்பர் போட்டு வைக்கிறாங்கள் எண்டு நீங்கள்தானே வந்து சொல்லிச் சிரிச்சனீங்கள்.

– ஆணிக்கு நம்பர் போடலாம். மாதாவுக்கு எப்படிப் போடுறது? ரேடியோக்காரன் இருந்த இடத்தில சேத்துக்குள்ள கிடந்தது. கழுவிப் பாத்தா இஞ்ச கேவலார் கோயில்ல விக்கிற மாதா பதக்கம். உன்ட கழுத்தில கிடக்கிற அதே மாதா. கடல்ல செத்தவன்ட சாமான் வலையில ஏறினா கரைக்குக் கொண்டுவராதே, ஒரு பரலோக மந்திரம் சொல்லித் திருப்பி விடு எண்டு அப்பர் பழக்கினவர். எத்தினை தரம் அப்படி விட்டிருக்கிறம். வேலை முடிஞ்சு வரேக்க பாலத்தில நிண்டு செபிச்சுப்போட்டு ரைன் ஆத்துக்குள்ள விட்டனான். ரைன் கடலுக்குத்தானே போகுது.

– நல்ல மனசோடதான் செய்தனீங்கள். அதோட விடுங்கோவன்.

– எப்படி விடுறது? அதுக்குப் பிறகுதான் அந்த மனிசி வரத் தொடங்கினது. ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து கதிரையைப் போட்டு நான் கழுவிறதைப் பாத்துக்கொண்டிருக்கும். ரெண்டு மாசமா ஒண்டும் கேக்கேல்லை. போன கிழமைதான் கேட்டது. எங்கட அம்மா கேவலார்ல வாங்கி அவன்ட கழுத்தில போட்டுவிட்ட பதக்கம் ஒண்டு இருக்கவேணும், கண்டனியோ எண்டு.

– இல்லை எண்டனீங்கள். முடிஞ்சுது.

– முடியேல்லை. அண்டைக்குக் கடைசி நேரத்தில ஆள் மாத்தி ஏத்தினதெண்டு ஒரு கதையாம். அவன் அதில ஏறேல்லை, எங்கயோ பிடிபட்டு உயிரோட இருக்கிறான் எண்டு தாய் சாகுமட்டும் சொன்னதாம். இந்த மனிசிக்கு எழுபத்தொன்பது வயசு. இப்பவும் கதவு தட்டினா அவனோ எண்டு ஓடிப்போய்ப் பாக்குதாம். அந்தப் பதக்கம் ஒண்டுதான் அத்தாட்சி. அதைத்தான் நான் எறிஞ்சுபோட்டன்.

– இனித் தெரிஞ்சு என்ன செய்யப்போகுது? இவ்வளவு காலமும் ஒரு நம்பிக்கையில இருந்திட்டுது. அப்பிடியே இருந்திட்டுப் போகட்டும்.

– அது நம்பிக்கையில்லை, மக்டலீன். நித்திரையில்லாத வருத்தம். எனக்குத் தெரியும். என்ட தம்பி டெனிஸ்டன் தொண்ணூறில மன்னார்ல வள்ளம் ஏறினவன். ராமேஸ்வரத்தில இறங்கேல்லை எண்டாங்கள். ஒன்பது வருஷமா ஒவ்வொரு ஆவணியும் கேவலார் திருநாளில மன்னார்ச் சனத்தைக் கண்டா ஓடிப்போய், என்ட தம்பியைக் கண்டனியளோ எண்டு கேக்கிறன். போன வருஷம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் போய்க் கேட்டனான். வேதக்காரருக்கு அங்க என்ன வேலை எண்டு நீயும் பேசினனீ.

– பேசினனான்தான்.

– ஆரும் ஒரு ஆள் என்னட்டை வந்து, உன்ட தம்பி செத்திட்டான் எண்டு சொல்லியிருந்தா நான் அழுது முடிச்சிருப்பன். அவனுக்கு ஒரு பூசையெண்டாலும் குடுத்திருப்பன்.

– எங்கட தரிப்பு. இறங்குவம்.

– நீ ஏன் அழுறாய்?

– ஒண்டுமில்லை. நடவுங்கோ. எந்த வீடு?

– அந்தப் பச்சைக் கதவு. விசா போனாப் போகட்டும், வாற இடத்தில பாப்பம். நான் உள்ள போன உடனே சொல்லிப்போடுவன்.

– விசாவுக்காக நான் மறிக்கேல்லை.

– இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னனீ?

– நீங்கள் சொன்னா அந்த மனிசி உங்களை ஏசாது. கையைப் பிடிச்சு நன்றிதான் சொல்லும். அதைப் பாத்துக்கொண்டு பக்கத்தில இருக்க என்னால ஏலாது.

– என்ன கதைக்கிறாய் நீ? சரி, பெல்லை அடிக்கிறன்.

– அடிக்காதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. அப்ப நான் ஊரில, நீங்கள் இஞ்ச அகதி முகாமில. அகதி விண்ணப்ப அன்ட்றாக்கைத் தள்ளிப்போட்டாங்கள், திரும்பி வாறன் எண்டு கடிதம் போட்டனீங்கள். நான் அதை எழுதியிருந்தா நீங்கள் அடுத்த பிளேனிலயே வந்திருப்பியள். உங்களையும் ஆமிக்காரங்கள் பிடிச்சிருப்பாங்கள். பிறகு நான் இஞ்ச வந்து சேர்ந்தாப்போல ஒவ்வொரு நாளும் சொல்லவேணும் எண்டுதான் இருந்தன். வாய் வரேல்லை.

– எதைச் சொல்ல? மக்டலீன், எதை?

– டெனிஸ்டன் பேசாலைச் சேமக்காலைக் குழியில கிடக்கிறான். மண் போட்டது நான்.